பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை வளைத்து அடுக்கும் புரதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவ்வளவு நீளமான டி.என்.ஏ.வுக்குச் செல்லுக்குள் இடம் எப்படிப் போதுகிறது?

எஸ்செரிச்சியா கோலை (ஈ. கோலை) என்ற பாக்டீரியாவின் கே-12 வகையில் குரோமோசோம் ஒரே வளையம். அதில் டி.என்.ஏ. ஏணியின் படிகளான கார இணைகள் சுமார் 46.4 லட்சம் உள்ளன. ஓர் இணைக்கு 0.34 நானோமீட்டர் என்று கணக்கிட்டால் மொத்த நீளம் கிட்டத்தட்ட 1.6 மில்லிமீட்டர். செல்லின் நீளமோ ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர். பாடங்கள் பெரும்பாலும் இந்த 800 மடங்கு என்ற எண்ணோடு நின்றுவிடுவதால், இடமே இல்லாத இடத்தில் டி.என்.ஏ. திணிக்கப்பட்டிருக்கிறது என்ற எண்ணம் மனதில் பதிந்துவிடுகிறது.

கன அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். இழையின் விட்டம் 2 நானோமீட்டர்தான். 1.6 மில்லிமீட்டர் இழையின் கன அளவு 0.005 கன மைக்ரோமீட்டர்; செல்லின் கன அளவு ஏறத்தாழ 1 கன மைக்ரோமீட்டர். அரை சதவீத இடம்தான் டி.என்.ஏ.வுக்குத் தேவை. இடத்துக்குப் பஞ்சமே இல்லை.

சிக்கல் இழையின் இயல்பில் இருக்கிறது. நீர்க்கரைசலில் தளரவிட்டால் இந்த வளையம் பல மைக்ரோமீட்டர் அகலத்துக்கு விரிந்துகொள்ளும். இணைக்கு இரண்டு பாஸ்பேட் என்ற கணக்கில் சுமார் 93 லட்சம் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. இந்த நிலையிலும் எந்த மரபணுவையும் எந்த நேரத்திலும் படிக்க முடிய வேண்டும். 37 டிகிரியில் முழு வளையமும் சுமார் 40 நிமிடத்தில் நகலாக வேண்டும். நகல்கள் சிக்கிக்கொள்ளாமல் பிரிய வேண்டும். வளைக்கும் புரதங்களைப் பற்றிய எந்தக் கேள்வியையும் இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். சுருக்குவது அவற்றின் வேலையில் பாதிதான். சுருங்கிய நிலையிலும் டி.என்.ஏ.வைப் பயன்படுத்தத்தக்கதாக வைத்திருப்பது கடினமான மறுபாதி.

அப்படியானால் சுருக்குவது யார்?

மூன்று காரணிகள் சேர்ந்து சுருக்குகின்றன. செல்திரவத்தில் புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை இருக்கின்றன. இந்த நெரிசலே டி.என்.ஏ.வை ஓரிடத்தில் ஒதுக்குகிறது. இரண்டாவது, இழையின் எதிர்மறை மீச்சுருள், அதாவது முறுக்கு குறைந்த இழை தன்மேலேயே சுருண்டுகொள்வது. மூன்றாவது, டி.என்.ஏ.வோடு ஒட்டும் புரதங்கள். மூன்றும் சேர்ந்து உருவாக்கும் உறையற்ற பொதிவுக்கு நியூக்ளியாய்டு என்று பெயர். புரதங்களை மட்டுமே காரணமாகச் சொல்லும் விளக்கங்கள் முழுமையானவை அல்ல. மொத்தச் சுருக்கத்தில் பெரும்பங்கு நெரிசலுக்கும் மீச்சுருளுக்கும் உண்டு. எந்த இடம் வளைய வேண்டும், எந்த இரண்டு இடங்கள் அருகருகே வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை புரதங்கள்.

டி.என்.ஏ. தானாகவே வளையாதா?

வளையும், நீளம் இருந்தால். டி.என்.ஏ.வின் விறைப்பு நீளம் சுமார் 50 நானோமீட்டர், அதாவது 150 இணை. இதைவிடக் குறுகிய துண்டு கம்பிபோல் நிமிர்ந்தே நிற்க விரும்பும்.

ஒரு கணக்கு: 36 இணையுள்ள துண்டு 12.2 நானோமீட்டர் நீளம். அதை 180 டிகிரி திருப்பச் சீரான வளைவுக்கு ஏறத்தாழ 20 வெப்ப ஆற்றல் அலகுகள், அதாவது மோலுக்கு 12 கிலோகலோரி தேவை. வெப்ப அசைவால் மட்டும் இது நடக்கவே நடக்காது. புரதம் இந்தச் செலவை இரண்டு வழிகளில் ஏற்கிறது. இழையின் பக்கங்களில் நேர்மின்னூட்டம் கொண்ட லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுக்கி ஒட்டும் ஆற்றலைத் தருகிறது. சீராக வளைப்பதற்குப் பதிலாக ஓரிரு இடங்களில் மட்டும் இழையை மடித்துச் செலவையும் குறைக்கிறது.

எந்தெந்தப் புரதங்கள்? அவற்றை பாக்டீரியாவின் ஹிஸ்டோன்கள் என்று சொல்லலாமா?

ஈ. கோலையில் முக்கியமானவை எச்.யு., ஐ.எச்.எஃப்., ஃபிஸ், எச்-என்.எஸ்., டி.பி.எஸ்., எல்.ஆர்.பி. ஆகியவை. பெரிய அளவில் வளையங்களை அமைப்பவை முக்-பி-இ-எஃப் கூட்டமைப்பும் மேட்-பி புரதமும்.

ஹிஸ்டோன்கள் தாவர, விலங்குச் செல்களில் டி.என்.ஏ.வைச் சுற்றிவைக்கும் புரதங்கள்; அந்தப் பெயரை இங்கே தவிர்ப்பது நல்லது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து 147 இணைகளை ஏறக்குறைய 1.65 சுற்று சுற்றி, நியூக்ளியோசோம் என்ற நிலையான ஒரு துகளை உருவாக்குகின்றன. பாக்டீரியாவில் அப்படித் திரும்பத் திரும்ப வரும் துகள் கிடையாது. இங்கே புரதங்கள் ஒட்டி, விலகி, ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. வளர்ச்சிக் கட்டம் மாறினால் எந்தப் புரதம் மிகுதி என்பதே மாறிவிடும். "நியூக்ளியாய்டின் அமைப்பு என்ன?" என்று கேட்பவர், எந்த ஊடகத்தில், எந்த வளர்ச்சிக் கட்டத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பொருளுள்ள பதில் கிடைக்கும்.

எச்.யு. எப்படி வளைக்கிறது?

எச்.யு. 1975-ல் கண்டறியப்பட்டது. 90 அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு துணையலகுகள் சேர்ந்த சிறிய புரதம் இது. உடல்பகுதியிலிருந்து இரண்டு நீண்ட பீட்டா கரங்கள் நீண்டு டி.என்.ஏ.வின் குறுகிய பள்ளத்தைத் தழுவுகின்றன. ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் ஒரு புரோலின் உண்டு. அது அடுக்கியிருக்கும் கார இணைகளுக்கு நடுவே ஆப்புப்போல் நுழைகிறது. நுழைந்த இடத்தில் இழை மடிகிறது. இரண்டு மடிப்புகளுக்கும் இடையே சுமார் 9 இணை தூரம். அனபீனா என்ற நீலப்பச்சை பாக்டீரியாவின் எச்.யு.வைக் கொண்டு கிடைத்த படிக அமைப்புகளில் வளைவு 105 முதல் 140 டிகிரி வரை வேறுபட்டது. மடிப்பின் கோணம் நிலையாக இல்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது: எச்.யு. இழையை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நிறுத்துவதைவிட, கீல்போல் மடங்க விடுகிறது.

குறிப்பிட்ட கார வரிசையைத் தேடி ஒட்டும் இயல்பு, அதாவது வரிசைத் தேர்வு, இதற்குக் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் வெட்டுள்ள, இடைவெளியுள்ள, நான்கு கைகள் சேரும் சந்தியுள்ள டி.என்.ஏ.வை நேரான இழையைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பற்றுகிறது. ஏற்கெனவே மடிந்த இடத்தை மேலும் மடிக்க ஆற்றல் குறைவாகவே தேவை என்பதே காரணம்.

வேகமாக வளரும் செல்லில் எச்.யு. சுமார் 30,000 துணையலகுகள், அதாவது 15,000 இரட்டைகள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. ஒரு குரோமோசோமுக்குப் பகிர்ந்தால் சராசரியாக 310 இணைக்கு ஒன்று. வேகமாக வளரும் செல்லில் ஒன்றுக்கு மேற்பட்ட நகல்கள் இருப்பதால் உண்மை அடர்த்தி இதைவிடக் குறைவு. சோதனைக் குழாயில் இழை முழுவதையும் மூடும் அளவு எச்.யு. சேர்த்துவிட்டுச் செல்லுக்குள்ளும் அப்படித்தான் என்று முடிவு கட்டுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. குறைந்த செறிவில் இழையை மடக்கிக் குறுக்கும் இதே புரதம், மிக அதிகச் செறிவில் இழையை விறைப்பான நார்போல் நிமிர்த்துகிறது. ஒரே புரதம், எதிரெதிரான இரண்டு விளைவுகள்.

ஐ.எச்.எஃப். எச்.யு.வின் உறவினர்தானே? வேறுபாடு என்ன?

உறவினர்தான், உடலமைப்பும் கரங்களும் புரோலின் நுனியும் அப்படியே உள்ளன. வேறுபாடு வரிசைத் தேர்வில். ஐ.எச்.எஃப். குறிப்பிட்ட வரிசையைத் தேடி ஒட்டி, ஏறத்தாழ 35 இணை நீளத்தில் இழையைக் கொண்டை ஊசி வளைவாக 160 டிகிரிக்கும் மேல் திருப்புகிறது. 1996-ல் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. கார எழுத்துகளை இது நேரடியாக அதிகம் தொடுவதில்லை. வரிசைக்கு ஏற்ப மாறும் பள்ளத்தின் அகலத்தையும் இழையின் நெகிழ்வையும் வைத்தே இடத்தை அறிகிறது.

லாம்டா வைரஸ் தன் டி.என்.ஏ.வை பாக்டீரியா குரோமோசோமில் செருகத் தேவைப்படும் துணைப்புரதமாகத்தான் இது முதலில் கண்டறியப்பட்டது. வைரஸின் இணைப்பிடத்தில் ஐ.எச்.எஃப். மூன்று இடங்களில் ஒட்டுகிறது. 1989-ல் செய்யப்பட்ட ஒரு சோதனை இன்றும் கற்பிக்கத்தக்கது: ஐ.எச்.எஃப். ஒட்டும் இடத்தை நீக்கிவிட்டு, முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த சி.ஆர்.பி. என்ற வளைக்கும் புரதத்தின் இடத்தை வைத்தார்கள். செருகல் நடந்தது. தேவைப்பட்டது வளைவு, அதை யார் தருகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

ஃபிஸ் ஏன் சில நேரம் மட்டும் காணப்படுகிறது?

பட்டினியிலிருந்த செல்களைச் சத்துள்ள புதிய ஊடகத்தில் இட்டதும் ஃபிஸ் 100-க்கும் குறைவான நகல்களிலிருந்து 50,000-க்கும் மேலாக, முதல் செல்பிரிவு நடக்கும் முன்பே உயர்கிறது. பிறகு படிப்படியாகக் குறைந்து, சத்து தீர்ந்து வளர்ச்சி நிற்கும் நிலைக்கட்டத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. ஆகவே இரவு முழுக்க வளர்த்த செல்களில் ஃபிஸ்ஸைத் தேடினால் கிடைக்காது; வளர்ச்சி தொடங்கி ஓரிரு பிரிவுகளுக்குள் செல்களை எடுக்க வேண்டும்.

வளைக்கும் முறை எளிமையானது. ஃபிஸ் இரட்டையில் டி.என்.ஏ.வைப் பிடிக்கும் இரண்டு சுருள்களுக்கும் இடையே சுமார் 2.5 நானோமீட்டர்தான். இழையில் அடுத்தடுத்த இரண்டு அகன்ற பள்ளங்களுக்கு இடையிலான தூரமோ 3.4 நானோமீட்டர். இரண்டிலும் நுழைய வேண்டுமானால் இழை வளைந்தே ஆக வேண்டும். வளைவு 50 முதல் 90 டிகிரி வரை. ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களின் முன்பகுதியில் ஒட்டி அவற்றை வேகப்படுத்துவது இதன் முக்கிய வேலைகளில் ஒன்று. சத்து கிடைத்த உடனே ரைபோசோம்கள் தேவைப்படுவதால், ஃபிஸ் திடீரென உயர்வது பொருத்தமாகவே இருக்கிறது.

எச்-என்.எஸ். வளைக்கிறதா, இணைக்கிறதா?

பெரும்பாலும் இணைக்கிறது. 137 அமினோ அமிலங்கள் கொண்ட இதன் ஒரு முனை டி.என்.ஏ.வின் குறுகிய பள்ளத்தில் நுழைகிறது. மறுபாதி மற்ற எச்-என்.எஸ். மூலக்கூறுகளோடு கைகோக்கிறது. அடினின்-தைமின் மிகுந்த இடத்தில் ஒன்று ஒட்டினால் அதையடுத்து வரிசையாகப் பல ஒட்டும். இப்படி உருவாகும் நார் இரண்டு விதமாக அமையலாம்: ஒரே இழைமேல் படர்ந்து அதை விறைப்பாக்கலாம், அல்லது இரண்டு இழைகளைப் பாலம்போட்டுச் சேர்க்கலாம்.

எது நடக்கும் என்பதை மெக்னீசியம் பெரிதும் தீர்மானிக்கிறது. சோதனைகளில் 2 மில்லிமோலாருக்குக் கீழே விறைக்கும் நார் மேலோங்குகிறது. 5 மில்லிமோலாருக்கு மேல் பாலம் மேலோங்குகிறது. எச்.எச்.ஏ. போன்ற துணைப்புரதங்கள் பாலத்துக்குச் சாதகம். நீண்ட காலம் ஆய்வுக்கூடங்கள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை வெளியிட்டதற்குப் பஃபரில், அதாவது சோதனைக் கரைசலில், இருந்த மெக்னீசிய வேறுபாடே முக்கிய காரணம். எச்-என்.எஸ். பற்றிய எந்தக் கட்டுரையையும் படிக்கும்போது முதலில் பஃபர் விவரத்தைப் பாருங்கள்.

இதன் உயிரியல் முக்கியத்துவம் 2006-ல் தெளிவானது. சால்மோனெல்லாவில் எச்-என்.எஸ். வேறு உயிர்களிலிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களை அடக்கி வைக்கிறது என்று அப்போது காட்டப்பட்டது. வந்தேறி மரபணுக்களில் பெரும்பாலும் அடினின்-தைமின் விகிதம் அதிகம் என்பதே அடையாளம். கட்டுப்பாடின்றி அவை வேலை செய்தால் செல்லுக்குச் சுமை. அடக்கி வைத்தால், பயனுள்ளவற்றைத் தகுந்த நேரத்தில் திறந்துகொள்ளலாம். ஷிகெல்லாவில் நோயுண்டாக்கும் மரபணுக்களைத் தொடங்கிவைக்கும் விர்-எஃப் மரபணு குறைந்த வெப்பத்தில் எச்-என்.எஸ். கட்டுக்குள் இருக்கிறது, மனித உடலின் 37 டிகிரியில் கட்டு தளர்கிறது. வெப்பம் கூடும்போது டி.என்.ஏ.வின் வளைவும் மாறுகிறது, எச்-என்.எஸ். மூலக்கூறுகள் கைகோக்கும் பகுதியும் நிலைகுலைகிறது.

டி.பி.எஸ். பற்றி?

நிலைக்கட்டத்தின் புரதம். பன்னிரண்டு துணையலகுகள் சேர்ந்த, சுமார் 9 நானோமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற கோளம். பட்டினிக் காலத்தில் 1,80,000 துணையலகுகள் வரை, அதாவது 15,000 கோளங்கள். ஒரு கோளம் நூற்றுக்கணக்கான இரும்பு அணுக்களை உள்ளே வைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தி இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்வதால், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் வினை நடக்க வழியில்லாமல் போகிறது. நீண்ட பட்டினியில் டி.பி.எஸ்.ஸும் டி.என்.ஏ.வும் படிகம்போல் அடுக்காவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காணலாம். அவ்வளவு இறுகிய நிலையிலும், மரபணுக்களை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி உள்ளே வேலை செய்ய முடிகிறது என்று 2018-ல் காட்டப்பட்டது. வெட்டும் நொதிகள் சிலவற்றால் அதே பொதிவுக்குள் நுழைய முடியவில்லை.

மீச்சுருளுக்கும் இந்தப் புரதங்களுக்கும் என்ன தொடர்பு?

தளர்ந்த டி.என்.ஏ. சுமார் 10.5 இணைக்கு ஒரு முறுக்கு. ஈ. கோலையில் ஏறத்தாழ 6 சதவீதம் முறுக்குகள் குறைவு. ஜைரேஸ் என்ற நொதி ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து, ஒவ்வொரு முறை இயங்கும்போதும் இரண்டு முறுக்குகளைக் குறைக்கிறது. டோப்போஐசோமெரேஸ்-1 என்ற நொதி எதிர்த்திசையில் தளர்த்துகிறது. குறைந்த முறுக்கில் ஏறத்தாழ பாதியைப் புரதங்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மீதிதான் இழையைப் பின்னவும் திறக்கவும் தள்ளுகிறது.

புரதங்கள் இன்னொன்றும் செய்கின்றன. ஓரிடத்தில் வெட்டு விழுந்தால் முழு வளையமும் தளர்வதில்லை. சராசரியாக 10,000 இணை அளவுள்ள பகுதி மட்டும் தளர்கிறது. அந்தத் தடுப்புகளை அமைப்பதில் பாலம்போடும் புரதங்களுக்குப் பங்குண்டு.

லட்சக்கணக்கான இணைகள் அளவில் ஒழுங்கு எப்படி வருகிறது?

அங்கே சிறிய வளைவுகள் போதாது. பாசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவில் எஸ்.எம்.சி. புரதக் கூட்டமைப்பு நகலாக்கத்தின் தொடக்கப் புள்ளிக்கு அருகே, பார்-பி புரதம் ஒட்டிய இடங்களில் ஏறி, குரோமோசோமின் இரு கைகளையும் சேர்த்து இழுத்தபடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 50,000 இணை வேகத்தில் நகர்கிறது. ஈ. கோலையில் அந்த வேலை முக்-பி-இ-எஃப் கூட்டமைப்புடையது. குரோமோசோமின் முடிவுப் பகுதியில் மட்டும் 23 இடங்களில் மேட்-பி புரதம் ஒட்டுகிறது. அது முக்-பி-இ-எஃப்பை அங்கிருந்து விலக்கி வைப்பதால் அந்தப் பகுதியின் மடிப்பு தனித்து நிற்கிறது. காலோபாக்டர் என்ற பாக்டீரியாவில் 2013-ல் செய்த ஹை-சி ஆய்வு (டி.என்.ஏ.வின் எந்த இடங்கள் அருகருகே உள்ளன என்று காட்டும் முறை), 30,000 முதல் 4,20,000 இணை வரையிலான 23 களங்களைக் காட்டியது. களங்களின் எல்லைகள் பலவற்றில் மிகத் தீவிரமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் இருந்தன.

வளைவு மரபணுக் கட்டுப்பாட்டில் எங்கே நேரடியாகப் பயன்படுகிறது?

கேலக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுத் தொகுதியான கேலக்டோஸ் ஓப்பரான் நல்ல எடுத்துக்காட்டு. அதில் அடக்கிப் புரதம் ஒட்டும் இரண்டு இடங்கள் 113 இணை தூரத்தில் உள்ளன. விறைப்பு நீளத்தைவிடக் குறைவான தூரம் என்பதால் இவ்விரண்டும் தானாகச் சந்திப்பது கடினம். நடுவே எச்.யு. ஒட்டி மடித்தால் வளையம் மூடுகிறது, மரபணு அடங்குகிறது. எச்.யு. இல்லையென்றாலோ மீச்சுருள் இல்லையென்றாலோ அந்த அடக்கம் குலைகிறது. இங்கே எச்.யு.வுக்குத் தன் சொந்த வரிசைத் தேர்வு தேவைப்படவில்லை. இருபுறமும் ஒட்டிய அடக்கிப் புரதங்களே அதை இடத்தில் நிறுத்துகின்றன.

நைட்ரஜன் நிலைப்படுத்தும் மரபணுக்களில் ஐ.எச்.எஃப். வேறு வேலை செய்கிறது. சிக்மா-54 வகை பாலிமரேஸைத் தூண்டும் புரதம் சற்றுத் தள்ளி முன்பகுதியில் ஒட்டுகிறது. இடையே ஐ.எச்.எஃப். வளைத்தால் இரண்டும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. அந்த வளைவு இன்னொரு பயனையும் தருகிறது: வேறு தூண்டிகள் தற்செயலாக வந்து தொடுவதைக் குறைக்கிறது. நகலாக்கம் தொடங்கும் ஓரி-சி பகுதியிலும் ஐ.எச்.எஃப். வளைவு டி.என்.ஏ.-ஏ புரதங்களைச் சேர்த்து இழையைத் திறக்க உதவுகிறது. பாக்டீரியா வைரஸ்களை நினைவில் வைக்கும் கிரிஸ்பர் தொகுதியில் புதிய வைரஸ் துண்டைச் சரியான இடத்தில் செருகவும் இதே வளைவு வேண்டும்.

ஒட்டியிருக்கும் புரதங்கள் படியெடுப்புக்குத் தடையாகாதா?

எச்.யு., ஐ.எச்.எஃப்., ஃபிஸ் பெரும்பாலும் தடையாவதில்லை. பாலிமரேஸ் வந்தால் விலகுகின்றன. கரைசலில் வேறு மூலக்கூறுகள் காத்திருந்தால் ஒட்டியிருக்கும் புரதம் இன்னும் வேகமாக விலகுகிறது என்பதும் ஒற்றை மூலக்கூறு சோதனைகளில் நிறுவப்பட்டுள்ளது. எச்-என்.எஸ். பாலம் மட்டும் வேறு. அது பாலிமரேஸை இடையிடையே நிற்கவைக்கிறது. நின்ற இடத்தில் ரோ என்ற முடிவுக்காரணி வந்து படியெடுப்பை முடித்துவிடுகிறது. ஒரே இழைமேல் படர்ந்த நாருக்கு அந்த அளவு தடைசெய்யும் ஆற்றல் இல்லை.

வளைவுக் கோணத்தை ஆய்வகத்தில் எப்படி அளப்பது?

எளிய முறை வட்டமாற்றச் சோதனை. ஒரே நீளமுள்ள பல துண்டுகளைத் தயாரிக்க வேண்டும். புரதம் ஒட்டும் இடம் ஒன்றில் ஓரத்திலும் மற்றொன்றில் நடுவிலும் இருக்க வேண்டும். நடுவில் வளைந்த துண்டு பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் மிக மெதுவாக நகரும். நடுவிலுள்ளதன் நகர்வை ஓரத்திலுள்ளதன் நகர்வால் வகுத்தால், கிடைக்கும் விகிதம் வளைவுக் கோணத்தின் பாதியின் கொசைனுக்கு ஏறத்தாழ சமம். விகிதம் 0.5 என்றால் வளைவு 120 டிகிரி.

இந்த முறை நிலையான வளைவையும் தளர்வான கீலையும் பிரித்தறியாது. குறிப்பிட்ட இடம் இல்லாத எச்.யு.வுக்கு இது உதவவே உதவாது.

எச்.யு.வுக்கு வளையம் மூடும் சோதனை பொருத்தம். 100 இணை அளவுள்ள துண்டைத் தனியாக, முனைகளை ஒட்டும் டி-4 லைகேஸ் நொதியோடு வைத்தால் மூடிய வளையம் கிட்டத்தட்ட உருவாகாது, எச்.யு. சேர்த்தால் உருவாகும். துண்டின் நீளத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 105 இணை சரியாகப் பத்து முறுக்கு. முனைகள் நேராகச் சேரும். 110 இணையில் அரை முறுக்கு மிஞ்சும். புரதம் நன்றாக வேலை செய்தாலும் வளையம் குறைவாகவே மூடும். 100 முதல் 125 இணை வரை பல நீளங்களைச் சோதித்தால்தான் முறுக்கின் விளைவும் வளைவின் விளைவும் பிரியும்.

அணுவிசை நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் மைக்கா தட்டில் டி.என்.ஏ.வை ஒட்டவைக்க 5 முதல் 10 மில்லிமோலார் மெக்னீசியம் சேர்ப்பார்கள். அந்த மெக்னீசியமே எச்-என்.எஸ்.ஸைப் பாலம்போடத் தூண்டும். தட்டில் இழை உட்காரும் விதமும் கோணத்தை மாற்றும். ஆகவே அந்தப் படங்களில் அளந்த கோணத்தை இன்னொரு முறையால் சரிபார்க்காமல் எழுத வேண்டாம்.

ஜெல் பெயர்ச்சிச் சோதனை சரியாக வரவில்லை. எங்கே பார்ப்பது?

புரதம் ஒட்டிய டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்க்கும் சோதனை இது. முதலில் பார்க்க வேண்டியது புரதத்தின் செறிவு. ஈ. கோலை எச்.யு.வில் டிரிப்டோஃபானும் இல்லை, டைரோசினும் இல்லை. 280 நானோமீட்டரில் அது ஒளியை உறிஞ்சாது என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே தெரியும் அளவு பெரும்பாலும் கூடவே ஒட்டி வந்த டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. உடையது. பெப்டைடு பிணைப்பை அளக்கும் முறையால் செறிவைக் கணக்கிடுங்கள். சுத்திகரிக்கும்போது 1 மோலார் உப்பில் ஒருமுறை கழுவி, நியூக்ளிக் அமிலத்தைப் பிரித்து, பிறகு ஹெப்பாரின் தூணில் ஏற்றுவது நல்லது. டி.என்.ஏ.வை வெட்டும் நியூக்ளியேஸ் கலப்பு உள்ளதா என்பதை, மெக்னீசியத்தோடு ஒரு மணி நேரம் பிளாஸ்மிடை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது, தேவையற்ற ஒட்டலைத் தடுக்கச் சேர்க்கும் போட்டி டி.என்.ஏ. பலரும் வழக்கப்படி பாலி-இனோசின்-சைட்டோசினைச் சேர்க்கிறார்கள். இனோசினில் குவானினின் அமினோ தொகுதி இல்லாததால், அதன் குறுகிய பள்ளம் அடினின்-தைமினைப்போலவே இருக்கும். எச்-என்.எஸ்., ஐ.எச்.எஃப்., எச்.யு. மூன்றும் குறுகிய பள்ளத்தில் ஒட்டுபவை. நீங்கள் சேர்த்த போட்டி டி.என்.ஏ.வே புரதத்தை உறிஞ்சிவிடும். துண்டாக்கிய சாதாரணக் குரோமோசோம் டி.என்.ஏ.வைக் குறைந்த அளவில் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, உப்பு. இந்தப் புரதங்களின் பிடிப்பு பெரும்பகுதி மின்னூட்டத்தால் ஆனது. 50 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடில் கிடைத்த பிடிப்பு 200-ல் காணாமல் போகலாம். செல்லுக்குள் முக்கிய எதிர்மின் அயனி குளோரைடு இல்லை, குளூட்டமேட். பொட்டாசியம் குளூட்டமேட்டில் செய்தால் செல்லுக்கு நெருங்கிய மதிப்பு கிடைக்கும். ஒரு கட்டுரையின் பிடிப்பு மாறிலியை இன்னொன்றோடு ஒப்பிடும் முன் உப்பின் பெயரையும் அளவையும் பாருங்கள்.

கடைசியாக, ஜெல் பஃபரில் உள்ள ஈ.டி.டி.ஏ. மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாதிரியில் இருந்த எச்-என்.எஸ். பாலம் ஜெல் ஓடும்போதே பிரிந்துவிடலாம்.

செல்லில் நியூக்ளியாய்டு சுருங்கியதாகத் தெரிகிறது. புரதத்தால்தான் என்று சொல்லலாமா?

உடனே சொல்ல முடியாது. குளோராம்ஃபெனிக்கால் கொடுத்தால் நியூக்ளியாய்டு சில நிமிடங்களில் இறுகும். ரிஃபாம்பிசின் நீண்ட நேரம் கொடுத்தால் பரவும். இரண்டிலும் படியெடுப்பும் புரத உற்பத்தியும் மாறுவதே காரணம். உங்கள் விகாரத்தில், அதாவது மரபணு மாற்றிய செல்வகையில், வளர்ச்சி மெதுவானாலே நியூக்ளியாய்டின் வடிவம் மாறும். டி.என்.ஏ.வை ஒளிரவைக்கும் டாப்பி சாயமும் குறுகிய பள்ளத்தில், அடினின்-தைமின் மிகுந்த இடத்தில் ஒட்டுவது; அளவு கூடினால் நீங்கள் பார்க்க விரும்பும் புரதங்களையே விலக்கும். மிகக் குறைந்த சாயத்தோடு பாருங்கள்; ஒளிரும் குறியிட்ட புரதத்தையும் தனியே வைத்து ஒப்பிடுங்கள்.

புரதம் குரோமோசோமில் எங்கே ஒட்டுகிறது என்று எதிர்ப்பொருளால் தேடும் குரோமாட்டின் வீழ்படிவு ஆய்விலும் இதே கவனம் தேவை. மிகத் தீவிரமாகப் படியெடுக்கப்படும் மரபணுக்கள் எந்த எதிர்ப்பொருளிலும் பொய்யான உச்சம் காட்டும். குறியிடாத செல்வகையை அதே ஃபார்மால்டிஹைடு அளவிலும் நேரத்திலும் ஓட்டிக் கழித்துப் பார்க்காவிட்டால் அந்த உச்சங்களை நம்ப முடியாது.

எல்லா பாக்டீரியாவிலும் இதே புரதங்களா?

எச்.யு. குடும்பம் மட்டும் ஏறக்குறைய எங்கும் உண்டு. எச்-என்.எஸ். வேலையை சூடோமோனாஸில் எம்விஏ-டி, மைக்கோபாக்டீரியாவில் எல்.எஸ்.ஆர்.-2, பாசில்லஸில் ராக் ஆகியவை செய்கின்றன. வரிசையில் ஒற்றுமை இல்லாமலேயே ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தவை இவை. காசநோய்க் கிருமியின் எச்.யு.வுக்கு லைசின் மிகுந்த நீண்ட வால் உண்டு. டெல்லோவிப்ரியோ என்ற வேட்டையாடும் பாக்டீரியாவில் உண்மையான ஹிஸ்டோன் இருப்பது 2023-ல் விவரிக்கப்பட்டது. அது நியூக்ளியோசோம் வடிவில் டி.என்.ஏ.வைச் சுற்றிக்கொள்வதில்லை.

செல்லுக்கு வெளியேயும் இவற்றுக்கு வேலை உண்டு. பாக்டீரியாக்கள் கூட்டமாகப் படியும் உயிரிப்படலங்கள் பலவற்றின் டி.என்.ஏ. வலையை எச்.யு., ஐ.எச்.எஃப். புரதங்கள் தாங்குகின்றன, அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் கொடுத்தால் படலம் சரிகிறது.

ஒரு புரதத்தை நீக்கினால் செல் சாகுமா? விகாரங்களை எப்படிக் கையாள்வது?

ஈ. கோலையில் பெரும்பாலும் சாகாது, ஏனென்றால் ஒன்றின் வேலையை மற்றொன்று ஓரளவு ஏற்கிறது. எச்.யு.வின் இரு மரபணுக்களையும் நீக்கினால் செல்கள் மெதுவாக வளரும், இழைபோல் நீளும், டி.என்.ஏ. இல்லாத செல்கள் தோன்றும். பாசில்லஸில் எச்.யு. இன்றியமையாதது. முக்-பி நீக்கிய ஈ. கோலை சத்துள்ள ஊடகத்தில் 37 டிகிரியில் வளராது. 22 டிகிரி அளவில் வளர்க்க வேண்டும். டோப்போஐசோமெரேஸ்-1 மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் இந்தக் குறை மறைந்துவிடும் என்பதால், திடீரென நன்றாக வளரும் செல் தொகுப்பை (காலனியை) சந்தேகியுங்கள்.

எச்-என்.எஸ். நீக்கிய சால்மோனெல்லாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மெதுவாக வளரும் செல்கள் ஆர்.பி.ஓ.-எஸ் அல்லது ஃபோ-பி மரபணுவில் ஈடுசெய்யும் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். சில முறை மறுவளர்ப்பு செய்தாலே கையில் இருப்பது வேறு செல்வகை. விகாரத்தை உருவாக்கியதும் முதல் தொகுப்பிலிருந்தே பல குழாய்களை கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதிய குழாயிலிருந்து தட்டில் கோடிட்டு, சிறிய, ஒரே அளவுள்ள தொகுப்புகளை மட்டும் எடுங்கள். பெரிய தொகுப்பு ஒன்று தனித்துத் தெரிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். முழு மரபணுத்தொகை வரிசையைப் பார்த்த பிறகே பிளாஸ்மிடில் மரபணுவைத் திருப்பிக் கொடுக்கும் சோதனைக்குப் போங்கள். அந்தப் பிளாஸ்மிடும் குறைந்த நகல் கொண்டதாக இருக்கட்டும், எச்-என்.எஸ். அளவுக்கு மீறினால் அதுவே வளர்ச்சியை நிறுத்தும்.